சென்னையில் சாவி, ஏற்காட்டில் வீடு: ஒரே நாளில் வந்துவிடலாமா?

கேள்வி இதுதான்: ஏற்காட்டில் இருக்கும் ஒரு தம்பி, தான் கேட்ட நிறம் சேலத்தில் இல்லை என்பதால் சென்னையில் ஒரு 350 சிசி பைக் புக் செய்திருக்கிறார். நண்பருடைய 125 சிசி வண்டியில் இருவரும் விடியற்காலை 3 மணிக்குக் கிளம்பி, 11 மணிக்கு டெலிவரி எடுத்து, இரண்டு வண்டிகளிலும் அன்று இரவே வீடு திரும்பத் திட்டம். நடக்குமா, எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கேட்கிறார்.

முடியுமா என்றால் முடியும், தம்பி. செய்யலாமா என்றால் வேண்டாம் என்பேன்.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்க 30 கிலோமீட்டர். சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை வழியாகச் சென்னைக்கு ஏறத்தாழ 340. ஒரு பக்கம் 370, போக வர 740. இதில் நீங்கள் ஓட்டப்போவது 370 மட்டும்தான், போகும்போது பின்னால் உட்கார்ந்து வருவீர்கள். 740-ஐயும் ஓட்டப்போவது உங்கள் நண்பர். பாதித் தூரம் ஆளை ஏற்றிக்கொண்டு, மீதித் தூரம் உங்கள் புது வண்டியின் மெதுவான வேகத்துக்கு இணங்கி உருட்டிக்கொண்டு. புது பைக்கின் உற்சாகத்தில் உங்களுக்குத் தூக்கமே வராது. அவருக்கு அந்த உற்சாகமும் கிடையாது, தூங்கவும் முடியாது. கேள்வியில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

ரயிலில் போங்கள். ஈரோட்டிலிருந்து வரும் ஏற்காடு எக்ஸ்பிரஸ் இரவு சேலத்தில் ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் சென்ட்ரலில் இறக்கிவிடும். (பேர்தான் ஏற்காடு, மலைக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.) விருத்தாசலம் வழியாக எழும்பூர் போகும் ரயிலும் உண்டு. படுத்துத் தூங்கிக்கொண்டு போய், காலையில் குளித்து, டிபன் சாப்பிட்டுவிட்டு ஷோரூம் கதவு திறக்கும்போது நிற்கலாம். ஹெல்மெட், கையுறை, மழைக்கோட்டு, ஒரு சின்னப் பை, அவ்வளவுதான் சாமான். நண்பர் கட்டாயம் வரவேண்டும் என்றால் அவருக்கும் சேர்த்து டிக்கெட் போடுங்கள். திரும்பும்போது பின்னால் உட்காரட்டும், லைசென்ஸ் இருந்தால் நடுவில் கொஞ்சம் ஓட்டட்டும். அவரை எங்கே பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்று என்னைக் கேட்டால், சென்னையில் இல்லை. மலை அடிவாரத்தில். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இனி நாள். சிரிக்காதீர்கள், இது ஜோசியம் இல்லை, நேர நிர்வாகம். எந்த ஷோரூமிலும் ராகு காலத்திலும் எமகண்டத்திலும் சாவி கொடுப்பது அபூர்வம். கொடுத்தாலும் வீட்டில் விடமாட்டார்கள். வெள்ளிக்கிழமை என்றால் ராகு காலம் 10:30 முதல் 12 வரை, உங்கள் காலை அப்படியே போயிற்று. சனிக்கிழமை 9 முதல் 10:30. திங்கட்கிழமை ராகு காலம் 9 மணிக்குள் முடிந்துவிடும், ஆனால் எமகண்டம் 10:30 முதல் 12 வரை. வியாழக்கிழமைதான் தோது: எமகண்டம் விடியலிலேயே முடிந்துவிடும், ராகு காலம் மதியம் 1:30-க்குத்தான். புதன்கிழமையும் பரவாயில்லை, 9 முதல் 12 வரை தடையில்லை. அதுவுமில்லாமல் வார நடுவில் ஜிஎஸ்டி சாலையில் (சென்னையிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலை) ஊருக்குப் போகும் கார் கூட்டம் இருக்காது. வெள்ளிக்கிழமை மாலை தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை புது வண்டியை முதல் கியரில் உருட்டிப் பார்த்தால் நான் சொல்வது புரியும்.

ரயில் டிக்கெட் போடுவதற்கு முன்னால் ஷோரூமுக்குப் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நம்பர் பிளேட் மாட்டியாச்சா?" வண்டி ரெடியா என்று கேட்டால் எல்லாரும் ரெடி என்றுதான் சொல்வார்கள். 2019 ஏப்ரலிலிருந்து புது வண்டிகளுக்கு உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட்டை டீலரே மாட்டித்தர வேண்டும். அது மாட்டியாகிவிட்டது என்றால் பதிவு, வரி, இன்சூரன்ஸ் எல்லாம் முடிந்த மாதிரி. முகவரி ஏற்காடு என்பதால் பதிவு நம் சேலம் பக்கத்து ஆர்டிஓ எண்ணில் வரும், அதற்கு இரண்டு நாள் கூடுதலாக ஆகலாம். "நீங்க வாங்க சார், வந்ததும் பாத்துக்கலாம்" என்று பதில் வந்தால் போகாதீர்கள். இன்சூரன்ஸ் பாலிசியை முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் வாங்கிப் பாருங்கள். புது இரு சக்கர வாகனத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு 5 வருடத்துக்கு இருக்கும். உங்கள் வண்டிக்கான சேதக் காப்பீடு எந்தத் தேதி, எத்தனை மணியிலிருந்து தொடங்குகிறது என்பதைப் பாருங்கள். இன்று எடுக்கிற வண்டிக்கு நாளை முதல் பாலிசி போட்டுவைத்திருந்த கதை உண்டு.

பெங்களூரில் எடுத்தால் 200 கிலோமீட்டர்தானே என்று யாராவது குறுக்கே சொல்வார்கள். மாநிலம் மாறினால் வரி, பதிவு எல்லாம் தனித் தலைவலி. அப்புறம் புது பிரேக்கோடு தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே வரவேண்டும். வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயம். இந்தப் பயணத்தைத் தீர்மானிப்பது தூரம் இல்லை, சாவி கைக்கு வரும் நேரம். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் சென்னையில் ஒரு ஷோரூமில் 10 மணிக்கு வரச்சொன்னார்கள். 10 மணிக்குப் போனால் கணக்கர் வரவில்லை. வந்ததும் பில்லில் இன்ஜின் எண் ஒரு இலக்கம் தப்பு. அதைத் திருத்தினால் சாப்பாட்டு நேரம். அதன் பிறகு வண்டியைக் கழுவப் போனவன் வரவில்லை. சாவி வாங்கும்போது மணி 4:45. ரோஷத்தில் கிளம்பிவிட்டேன். ஆத்தூர் தாண்டும்போது நள்ளிரவு ஆகிவிட்டது, எதிரே வரும் ஹை பீம் வெளிச்சத்தில் கண் பூத்துப்போய், சாலையின் வெள்ளைக்கோட்டை மட்டும் பிடித்துக்கொண்டு சேலம் வந்து சேர்ந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஆகாததற்கு என் திறமை காரணம் இல்லை.

அதனால் முன்னாலேயே கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். புது வண்டியில், நிறுத்தி நிறுத்தி வந்தால், சராசரி மணிக்கு 45 கிலோமீட்டருக்கு மேல் வராது. 340 கிலோமீட்டருக்கு ஏழரை மணி நேரம். 11:30-க்குக் கிளம்பினால் இரவு 7 மணிக்குச் சேலம், கடைசி ஒரு மணி நேரம் மட்டும் இருட்டு. அது சரி. ஒரு மணிக்கு மேல்தான் சாவி வருகிறது என்றால் விழுப்புரத்தில் தங்கிவிடுங்கள், சென்னையிலிருந்து 160 கிலோமீட்டர், பெரும்பாலும் வெளிச்சத்திலேயே போய்ச் சேரலாம். மூன்று மணியைத் தாண்டினால் சென்னையை விட்டே கிளம்பாதீர்கள். இதை வீட்டிலும் சொல்லிவைத்துவிடுங்கள். "இன்னைக்கே வந்துடுவேன்னு சொன்னியே" என்று போன் வந்தால் மனசு அவசரப்படும்.

டெலிவரி எடுக்கும்போது போட்டோவுக்கு நிற்பதற்கு முன்னால் கால் மணி நேரம் வண்டியைச் சுற்றிக் குனிந்து பாருங்கள். சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் இன்வாய்ஸோடு பொருந்துகிறதா, தயாரித்த மாதம் எது, இரண்டு சாவியும் இருக்கிறதா. விற்பனைச் சான்று படிவம் 21, தகுதிச் சான்று படிவம் 22, இரண்டையும் கேட்டு வாங்குங்கள். இன்வாய்ஸில் வரியையும் ஒரு கண் பாருங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40. அப்புறம் டயர் காற்று. லாரியில் வரும்போது அதிகமாக அடித்த காற்றை அப்படியே விட்டிருப்பார்கள், கல்லு மாதிரி இருக்கும். கையேட்டில் உள்ள அளவுக்கு இறக்கச் சொல்லுங்கள். கிளட்ச் லிவர், பிரேக் லிவர் இரண்டும் உங்கள் கைக்கு எட்டுகிற மாதிரி திருப்பி முறுக்கச் சொல்லுங்கள். கண்ணாடியை அசைத்துப் பாருங்கள், 80 கிலோமீட்டருக்கு அப்பால் தானாகத் தலையைத் தொங்கப்போடும் கண்ணாடிகளை நிறையப் பார்த்தாகிவிட்டது.

ஒன்று மட்டும் கறாராகச் சொல்லிவிடுங்கள்: டயருக்குப் பாலிஷ் போடக்கூடாது. டெலிவரி அன்று வண்டி பளபளக்க வேண்டும் என்று பையன்கள் டயரில் கறுப்பு பாலிஷைத் தேய்ப்பார்கள். பக்கவாட்டில் போட்டால் அழகு, தரையில் படும் இடத்தில் வழிந்தால் எண்ணெய் தடவின மாதிரி. எலுமிச்சம்பழத்தை நசுக்குங்கள், தேங்காய் சுற்றுங்கள், எல்லாம் சரி. சந்தனம் குங்குமத்தை ஹெட்லைட்டுக்கு மேலே வைக்கட்டும், பிரேக் டிஸ்க் பக்கம் யாரையும் கை வைக்க விடாதீர்கள். ஷோரூமில் கொடுக்கும் ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 4151 என்ற எண்ணும் இருந்தாலும், 340 கிலோமீட்டருக்கு உங்கள் தலைக்குப் பழகின ஹெல்மெட்தான் லாயக்கு. அதை ஊரிலிருந்தே கொண்டுபோங்கள்.

வண்டியில் பெட்ரோல் அரை லிட்டர் இருந்தால் அதிகம். அடுத்த பங்க் எங்கே என்று கேட்டுக்கொண்டே வெளியே வாங்க. நிரப்பிவிட்டு, கூட்டமில்லாத ஒரு சாலையில் பிரேக்கைப் பழக்க வேண்டும். பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று இன்னும் உட்கார்ந்திருக்காது, அழுத்தினால் கட்டையைப் பிடிக்கிற மாதிரி இருக்கும். 50-லிருந்து 15 வரை, முன் பின் இரண்டையும் சேர்த்து, மிதமாக அழுத்திக் குறைப்பது, மறுபடி வேகமெடுப்பது. இப்படி இருபது முறை. நடுநடுவே ஆறவிடுங்கள். கடைசியில் பிடிமானம் கூடுவது கைக்கே தெரியும். ஊரைவிட்டு வெளியேற, ஷோரூம் பூந்தமல்லி பக்கம் இருந்தால் வெளிவட்டச் சாலையைப் பிடித்து வண்டலூரில் ஏறிவிடலாம். நகர நெரிசல் மிச்சம்.

வண்டலூர், செங்கல்பட்டு, மதுராந்தகம், திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை. இந்த 200 கிலோமீட்டரில் சொல்ல அதிகமில்லை, அகலமான சாலை. டோல்கேட்டில் இரு சக்கர வாகனத்துக்குக் கட்டணம் கிடையாது, இடது ஓரத்தில் தனி வழி இருக்கும், அதில் மண் கிடக்கும், மெதுவாகப் போங்கள். வேகம் 60-க்கும் 70-க்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கட்டும். ஒரே வேகத்தில் மணிக்கணக்காகப் பிடித்தால் பிஸ்டன் வளையம் சிலிண்டரில் சரியாக உட்காராது, அதற்காகத்தான் இது. திராட்டிலை, அதாவது ஆக்சிலரேட்டரைப் பாதிக்கு மேல் முறுக்க வேண்டாம், நாலாவது கியரில் முக்கவிடவும் வேண்டாம். 50 கிலோமீட்டருக்கு ஒரு முறை நிறுத்தி இன்ஜினுக்குப் பத்து நிமிடம் காற்று கொடுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் செயினைக் கையால் தூக்கிப் பாருங்கள், புதுச் செயின் முதல் சில நூறு கிலோமீட்டரில் தொய்ந்துபோகும். மதியச் சாப்பாடு பாதி வயிறு போதும். மோர் சாதம், ரெண்டு வாழைப்பழம். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு விக்கிரவாண்டி தாண்டினால் தூக்கம் கண்ணைக் கட்டும்.

உளுந்தூர்பேட்டையில் திருச்சி சாலையை விட்டுவிட்டுச் சேலம் சாலையில் திரும்புவீர்கள். பயணத்தின் குணமே இங்கேதான் மாறும். இனி 136 கிலோமீட்டரும் மேற்கு முகமாக. நீங்கள் திரும்பும் நேரம் மூன்றரை, நாலு மணி. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், தலைவாசல் வரை சூரியன் உங்கள் முகத்துக்கு நேரே உட்கார்ந்திருக்கும். எதிரே வருகிறவன் நிழலாகத்தான் தெரிவான். கறுப்புக் கண்ணாடி வைத்த ஹெல்மெட்டோடு வந்தால் இந்த இரண்டு மணி நேரம் சுகம், அடுத்த அரை மணியில் இருட்டினதும் ஒன்றும் தெரியாது. தெளிவான வைசர் போட்டு, உள்ளே கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு, ஆத்தூரில் கழற்றிவிடுங்கள். கரும்பு வெட்டும் காலத்தில் கள்ளக்குறிச்சி பக்கம் பின் விளக்கில்லாத டிராக்டர் வரும், அறுவடை நாட்களில் சாலை ஓரத்தில் மக்காச்சோளம் காயப்போட்டிருப்பார்கள். காய்ந்த சோளமணி மேல் புது டயர் ஏறினால் கோலிக்குண்டு மேல் நடப்பது மாதிரி. ஆத்தூரைத் தாண்டி சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரியின் புளித்த வாடை மூக்கில் ஏறினால் ஊர் வந்துவிட்டது என்று அர்த்தம். அப்போதுதான் ஆள் அசருவான். வாழப்பாடியில் ஒரு டீக்கு நிறுத்துங்கள், குடிக்கப் பிடிக்காவிட்டாலும்.

அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு ஆசை வரும். சேலத்துக்குள்ளேயே போகாமல் குப்பனூர் வழியாக மலை ஏறிவிட்டால் என்ன, வீடு முக்கால் மணி நேரம்தானே. அந்த ஆசைக்கு இணங்காதீர்கள். அடிவாரம் வழியும் வேண்டாம், குப்பனூர் வழியும் வேண்டாம், அன்று இரவு சேலத்தில் படுத்துவிடுங்கள்.

காரணம் களைப்பு மட்டும் இல்லை. வண்டியை நிறுத்தி டயரைக் குனிந்து பாருங்கள். 340 கிலோமீட்டர் நேர்ச்சாலையில் ஓடிய டயரின் நடுப்பகுதி சொரசொரப்பாக, சாம்பல் நிறமாக மாறியிருக்கும். இரண்டு ஓரமும் ஷோரூமில் பார்த்த அதே கறுப்பு, அதே வழுவழுப்பு, குட்டி ரப்பர் முடிகள்கூட உதிராமல் நிற்கும். அந்த ஓரம் ஒரு முறைகூடத் தரையில் பட்டதில்லை. ஏற்காடு சாலையில் 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் வண்டி சாய்வது அந்தப் பழகாத ஓரத்தின் மேல்தான். ஓடோமீட்டர் 340 காட்டினாலும் வளைவைப் பொறுத்தவரை அந்த டயருக்கு வயது பூஜ்யம். நான் அன்று நள்ளிரவு சேலம் வந்து படுத்து, காலையில் நாகலூரில் மாமனாருக்கு வண்டியைக் காட்டப் போனேன். நாலாவது வளைவில் பின் சக்கரம் மெதுவாக வெளியே நழுவியது. காலை ஊன்றித் தப்பித்தேன். எதிரே இறங்கி வந்த பஸ்ஸின் கண்டக்டர் படியில் நின்றபடி, "புது வண்டியா? மெதுவா போப்பா" என்றார். அதுவும் பட்டப்பகலில், ஈரமில்லாத சாலையில். இரவில், பனி இறங்கியிருக்கும்போது, வளைவுக்கு அப்பால் காட்டெருமை நிற்கிற மலையில் அதே நழுவல் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் ஏற்காட்டுக்காரர்.

மறுநாள் காலை 8 மணிக்கு மேல், சாலையின் ஈரம் காய்ந்த பிறகு ஏறுங்கள். இங்கேதான் நண்பர். அவருடைய 125-ஐ எடுத்துக்கொண்டு இறங்கி வரட்டும், கோரிமேட்டில் சந்தித்து, அவர் முன்னே போகட்டும், நீங்கள் பின்னே. எதிரே பஸ் வருகிறது என்றால் அவர் கை காட்டுவார், நீங்கள் வளைவுக்கு முன்னாலேயே ஓரமாக நின்றுவிடலாம். ஏறுகிற வண்டிக்குத்தான் வழி என்பது முறை, ஆனால் வளைவில் அகலமெடுக்கிற பஸ்ஸிடம் முறை பேச முடியாது. முதல் ஆறேழு வளைவுகளை வண்டியை அதிகம் சாய்க்காமல் எடுங்கள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்வைக் கூட்டுங்கள். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் பிரேக் தொடாதீர்கள். இரண்டாவது கியர் முக்கினால் தயங்காமல் முதல் கியர். கிளட்சைப் பாதி பிடித்துக்கொண்டு ஏறினால் புது கிளட்ச் பிளேட்டின் வாசனை பின்னால் வருகிறவனுக்கும் தெரியும். பாதி மலையில் நிறுத்தி இன்ஜினுக்கு ஓய்வு கொடுத்தால், மேலே போகும்போது ஓரத்து ரப்பர் முடிகள் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும்.

வீட்டு வாசலில் ஓடோமீட்டர் 375-ஐ ஒட்டி இருக்கும். பெரும்பாலான 350 சிசி வண்டிகளுக்கு முதல் சர்வீஸ் 500 கிலோமீட்டரில், உங்கள் கையேட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். சென்னையில் எடுத்த வண்டி என்பதற்காகச் சென்னைக்கே போகத் தேவையில்லை, சேலத்தில் அந்தக் கம்பெனியின் எந்த அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலும் இலவச சர்வீஸ் உண்டு. அங்கே போக மலை இறங்கவே 30 கிலோமீட்டர் ஆகும், அதனால் 450-ஐத் தொடும்போதே நாள் குறித்துவிடுங்கள். அதுவரை செயினை மட்டும் வாரம் ஒரு முறை தூக்கிப் பாருங்கள். மலைச்சாலையில் அது நினைத்ததைவிடச் சீக்கிரம் தொய்யும்.